பிரஷ் கட்டரின் கைப்பிடி அதிர்வு: எதை அளப்பது, எங்கே மறிப்பது

தென்னந்தோப்பில் களை வெட்ட வாங்கிய 52 சி.சி. இரண்டு ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை நாளுக்கு மூன்று மணி நேரம் இயக்குவதாகவும், முதல் ஒரு மணி நேரத்திலேயே விரல்கள் மதமதத்துப் போய் இரவு வரை அது விடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கைப்பிடியில் ஸ்பாஞ்சும் அதன்மேல் பழைய சைக்கிள் ட்யூபும் சுற்றிய பிறகு, அங்கே கட்டி வைத்த கைப்பேசியின் செயலி அதிர்வு பாதியாகிவிட்டதாகக் காட்டியது. விரல்களுக்கோ எந்த மாற்றமும் தெரியவில்லை. எந்த ரப்பர் வாங்குவது என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்குள் இருப்பவை வேறு இரண்டு கேள்விகள். அளவீடு குறைந்தும் கை ஏன் குறைந்ததாக உணரவில்லை என்பது ஒன்று. இயந்திரத்திலிருந்து கைக்கு வரும் வழியில் எந்த இடத்தில் கைவைத்தால் பலன் கிடைக்கும் என்பது மற்றொன்று. இவற்றுக்கு விடை தெரிந்தால் ரப்பர் பற்றிய கேள்விக்குத் தானாகவே விடை வந்துவிடும்.

கையில் பிடித்து இயக்கும் கருவிகளின் அதிர்வைச் சோதனைக்கூடத்தில் அளப்பதும், அதைக் குறைக்க வழி சொல்வதும் நெடுநாளாக என் தொழில். உங்கள் இயந்திரத்தை நான் பார்க்கவில்லை என்பதால், கீழே வரும் கணக்குகள் இந்த வகை இயந்திரங்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவை என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் மருத்துவன் அல்லன். விரல்களைப் பற்றி நான் சொல்பவை இத்துறையின் தரநிலைகளிலும் ஆய்வுகளிலும் உள்ளவை மட்டுமே.

முதலில் கைப்பேசி. உங்கள் செயலி பொய் சொல்லவில்லை; நீங்கள் கேட்காத ஒன்றை அது அளந்து சொல்லியிருக்கிறது. ஏறக்குறைய 200 கிராம் எடையுள்ள கைப்பேசியை ஸ்பாஞ்சின் மேல் ரப்பர் பேண்டால் கட்டினால், அழுத்தப்படாத மெத்தென்ற ஸ்பாஞ்ச் சுருள்வில்லாகவும் கைப்பேசி அதன்மேல் வைத்த எடையாகவும் ஆகிவிடுகின்றன. மென்மையான வில்லின் மேல் இருக்கும் எடைக்கு வேகமான அதிர்வு குறைவாகத்தான் போய்ச் சேரும். ஆகவே அந்த ஸ்பாஞ்ச் உண்மையிலேயே கைப்பேசியைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் வேலை செய்யும்போது உங்கள் கை அதே ஸ்பாஞ்சை இறுக்கிப் பிடித்து நசுக்குகிறது. நசுங்கிய ஸ்பாஞ்ச் மென்மையை இழந்து ஏறத்தாழத் திடப்பொருள் போல நடந்துகொள்ளும். அதோடு, வேகமான அதிர்வில் விரல்களின் முழு எடையும் அசைவதில்லை. கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் தோலும் தசையும் மட்டுமே அசைகின்றன. எடை குறைவு, வில்லோ கடினம் என்னும் சேர்க்கையில் அதிர்வு தடைபடுவதில்லை. கைப்பேசிக்குப் பாதியானதும் விரலுக்குக் குறையாததும் ஒருங்கே உண்மையாக இருப்பது இதனால்தான்.

கைப்பேசி அளவீட்டில் இன்னொரு குறையும் உண்டு. நிமிடத்துக்கு 6,600 சுற்றில் ஓடும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 110 முறை அதிர்கிறது, அதாவது 110 ஹெர்ட்ஸ். பல செயலிகள் வினாடிக்கு 100 முறைதான் அளவு எடுக்கின்றன. ஓர் அதிர்வைச் சரியாகப் பதிய அதன் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் அளவெடுக்க வேண்டும். இல்லையேல் 110 ஹெர்ட்ஸ் அதிர்வு திரையில் 10 ஹெர்ட்ஸ் அதிர்வாக மாறித் தோன்றக்கூடும். கைப்பேசியின் உணரி ஓர் எல்லைக்கு மேற்பட்ட முடுக்கத்தை (வேகம் மாறும் வீதத்தை) வெட்டிவிடுவதும் உண்டு. இதோடு ஓர் எச்சரிக்கை: அதிக ஆற்றலுள்ள மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கேமராவின் நடுக்கத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் அறிவித்தது. ஆகவே கைப்பேசியைக் கைப்பிடியில் கட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

முறையான சோதனை எப்படி நடக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விற்பனைத் தாளில் வரும் எண்ணை எப்படிப் படிப்பது என்பது அதிலிருந்துதான் விளங்கும். சில கிராமே எடையுள்ள முடுக்கமானியைச் சிறிய உலோகக் கட்டையில் திருகி, அந்தக் கட்டையைக் குழாய்க் கிளாம்பால் கைப்பிடியோடு இறுக்குவோம். இடது கைப்பிடி, வலது கைப்பிடி இரண்டிலும், கை பிடிக்கும் இடத்துக்கு இயன்றவரை அருகில் அது இருக்க வேண்டும். கைப்பிடியில் மெத்தையான உறை இருந்தால் அந்த இடத்தில் அதை அகற்றுவோம் அல்லது கிளாம்ப் உறையை முழுதும் நசுக்கும் அளவுக்கு இறுக்குவோம். இல்லாவிட்டால் உங்கள் கைப்பேசிக்கு நேர்ந்ததே எங்கள் உணரிக்கும் நேரும். மூன்று திசைகளிலும் ஒரே நேரத்தில் அளந்து, ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் ஒரு மொத்த மதிப்பு கிடைக்கும். ஒருமுறை அளந்து முடிப்பதில்லை. குறைந்தது மூன்று பதிவுகள், எல்லாம் சேர்த்து ஒரு நிமிடமாவது இருக்க வேண்டும். எட்டு வினாடிக்கும் குறைவான பதிவை நம்புவதற்கில்லை.

அளந்த முடுக்கத்தை அப்படியே பயன்படுத்துவதும் இல்லை. ஐ.எஸ்.ஓ. 5349 என்னும் தரநிலை ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓர் எடை, அதாவது கணக்கில் சேர்க்க வேண்டிய பங்கு, கொடுக்கிறது. 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான மெதுவான அதிர்வு ஏறக்குறைய முழு எடை பெறும். அதற்கு மேலே போகப் போக எடை குறைந்துகொண்டே வரும். 125 ஹெர்ட்ஸில் அளந்த முடுக்கத்தின் எட்டில் ஒரு பங்குதான் கணக்கில் சேர்கிறது. உங்கள் இயந்திரத்தின் கையேட்டில் அதிர்வு என்று ஓர் எண் இருந்தால் அது இப்படி எடையிட்ட எண். அருகில் கே (K) என்ற எழுத்துடன் இன்னொரு எண் இருந்தால் அது அளவீட்டின் ஐயப்பாட்டு அளவு; இரண்டையும் கூட்டிப் பார்ப்பதே பாதுகாப்பு. அதுவும் புதிய இயந்திரத்தில், பழுதில்லாத பிளேடுடன் எடுத்த அளவு. தோப்பில் இரண்டு ஆண்டு உழைத்த இயந்திரம் அதைவிட அதிகமாக அதிரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை வேலை நேரத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, எட்டு மணி நேரத்துக்குச் சமப்படுத்திய அதிர்வு 2.5 மீ/வி²-ஐ (மீட்டர்/வினாடி², முடுக்கத்தின் அலகு) தாண்டினால் முதலாளி நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டும் என்றும், 5 மீ/வி²-ஐ எந்நாளும் தாண்டக் கூடாது என்றும் வகுத்திருக்கிறது. நேரம் இங்கே நேர்விகிதத்தில் வராமல் வர்க்கமூலமாக வருகிறது. எடுத்துக்காட்டாக, கைப்பிடியில் 7 மீ/வி² இருந்தால் ஒரு மணி நேரத்திலேயே முதல் எல்லையை அடைந்துவிடுவீர்கள். நான்கு மணி நேரத்தில் இரண்டாம் எல்லை. உங்கள் மூன்று மணி நேரம் ஏறக்குறைய 4.3 ஆகிறது. அதே மூன்று மணி நேரத்துக்கு அதிர்வை 4 மீ/வி² ஆகக் குறைத்தால் 2.45, அதாவது முதல் எல்லைக்கு உள்ளே வந்துவிடும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் நேரம் மட்டுமே இந்தக் கணக்கில் சேரும். பெட்ரோல் ஊற்றுவதும் நிழலில் நிற்பதும் சேராது.

இதில் எவை உறுதியானவை, எவை விவாதத்தில் இருப்பவை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நீண்ட காலக் கை அதிர்வு விரல்களின் இரத்த நாளங்களையும் நரம்புகளையும் பாதிக்கும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பெட்ஃபோர்டு ஊரின் சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்களிடம் விரல் வெளுத்துப்போகும் நோயை ஆலிஸ் ஹாமில்டன் 1918இலேயே பதிவு செய்தார். கருவியை மாற்றினால் பலன் உண்டு என்பதும் உறுதி. பின்லாந்தில் 1972 முதல் 1990 வரை மரம் வெட்டுவோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், சங்கிலி ரம்பங்களின் எடையிட்ட அதிர்வு 14-இலிருந்து 2 மீ/வி² ஆகக் குறைந்தபோது, வெண்விரல் நோய் உள்ளவர்களின் பங்கு 40 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. நான் இந்தத் தொழிலை நம்பிக்கையோடு செய்வதற்கு அந்த எண்கள் ஒரு காரணம். விவாதத்தில் இருப்பது அதிர்வெண்களுக்குக் கொடுக்கப்படும் எடை. வேகமான அதிர்வு விரல்களின் இரத்த ஓட்டத்துக்குச் செய்யும் கேட்டை இப்போதைய எடை குறைத்து மதிப்பிடுகிறது என்று பலர் கருதுகிறார்கள். அதனால்தான் 2017இல் ஐ.எஸ்.ஓ. 18570 என்ற துணை அறிக்கை வேறோர் எடையை முன்வைத்தது. நானும் இந்தக் கருத்தின் பக்கமே சாய்கிறேன். பிரஷ் கட்டர் போன்ற வேகமான கருவியில் எடையிட்ட எண் சிறியது என்பதாலேயே நிம்மதி அடைய வேண்டாம் என்பேன். மற்றொன்று நம் வெப்பநிலை. விரல் வெளுப்பதைத் தூண்டுவது குளிர். வெப்ப நாடுகளில் நடந்த ஆய்வுகளில் வெளுப்பு அரிதாகவே காணப்பட்டது. மதமதப்பும் உணர்விழப்பும் இருந்தன. ஆகவே உங்கள் விரல் வெளுக்கவில்லை என்பது பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்றாகாது.

இனி எங்கே கைவைப்பது என்பது. என் அனுபவத்தில் பிரஷ் கட்டரில் முதலில் பார்க்க வேண்டியது பிளேடு. பத்து அங்குல பிளேடின் விளிம்பில் கல்லில் மோதி 5 கிராம் உலோகம் உடைந்து போயிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவிலிருந்து 12 செ.மீ. தொலைவில், நிமிடத்துக்கு 5,000 சுற்றில், அந்தச் சிறு குறை 160 நியூட்டனுக்கு மேற்பட்ட விசையை உண்டாக்குகிறது. ஏறக்குறைய 16 கிலோ எடை, வினாடிக்கு 83 முறை திசை மாறித் தண்டை இழுப்பதற்குச் சமம். எந்த ரப்பரும் இதை ஈடுகட்டாது. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றிவிட்டு பிளேடை எடுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் அந்த நட் இடமுறுக்கு உள்ளது, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். பிளேடைக் கழுவி, நடுத்துளையில் வழவழப்பான கிடைக்கம்பியை நுழைத்துத் தொங்கவிட்டு, வெவ்வேறு நிலைகளில் திருப்பி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் எடை அதிகம். அங்கே வெட்டும் முனையைத் தொடாமல் பல்லின் பின்புறத்தில் சிறிது சிறிதாக அரத்தால் தேய்த்துச் சமப்படுத்தலாம். விரிசல் கண்ட பிளேடைத் தேய்க்கவும் வேண்டாம், வெல்டிங் வைக்கவும் வேண்டாம், தூக்கி எறிந்துவிடுங்கள். அது சுழலும்போது உடைந்தால் காலோடு போகும். பிளேடு சரியாக இருந்தும் நடுக்கம் நீடித்தால், துளைக்கும் பிளேடைத் தாங்கும் வட்டுக்கும் இடையில் ஆட்டம் இருக்கிறதா, கியர் தலையின் பேரிங் தேய்ந்திருக்கிறதா, நீண்ட குழாய்க்குள் தண்டைத் தாங்கும் புஷ்கள் நைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பிளேடு இல்லாமல் நடு வேகத்தில் சில வினாடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்தால், குறை பிளேடிலா எஞ்சின் பக்கத்திலா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அடுத்தது எஞ்சினுக்கும் குழாய்க்கும் இடையிலும், கைப்பிடி குழாயோடு சேரும் இடத்திலும் உள்ள ரப்பர் மவுண்ட். ரப்பர் தன் வேலையைச் செய்ய ஏற்ற இடம் இதுதான், ஏனென்றால் இங்கே ஒரு பக்கம் போதிய எடை இருக்கிறது, ரப்பரைக் கை நசுக்குவதும் இல்லை. மவுண்டோடு சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக அதிரும் வேகம், இருக்கும். அதைப் போல 1.4 மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில்தான் ரப்பர் அதிர்வைக் குறைக்கும். அதற்குக் கீழே கூட்டவே செய்யும். இயல் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். ரப்பரின் தணிப்பை (அது அடுத்த பத்தியில்) ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், வேலை வேகமான 110 ஹெர்ட்ஸில் ஒன்பதில் ஒரு பங்கு அதிர்வுதான் கைப்பிடிக்கு வரும். ஆனால் ஆக்சிலரேட்டரை விட்ட ஐடில் நிலையில், நிமிடத்துக்கு 2,800 சுற்றில், அதாவது 47 ஹெர்ட்ஸில், மவுண்ட் இல்லாததைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகமாக வரும். நல்ல மவுண்ட் உள்ள இயந்திரம் ஐடிலில் குலுங்கி, வேகமெடுத்ததும் அமைதியாவது இதனால்தான். கடையில் ஐடிலில் பிடித்துப் பார்த்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் பல நேரம் நல்லதை ஒதுக்கிவிட்டு வருகிறார்கள்.

இங்கே தணிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நீங்கள் அதிர்வை விழுங்கும் ரப்பர் என்று கேட்டிருக்கிறீர்கள். அதிர்வின் ஆற்றலை வெப்பமாக மாற்றும் குணம்தான் தணிப்பு. சைக்கிள் ட்யூப் பெரும்பாலும் ப்யூட்டைல் ரப்பர். அந்தக் குணம் அதற்கு நன்றாகவே உண்டு. ஆனால் பொருள் நெளிந்தால்தான் ஆற்றலை விழுங்கும். கைப்பிடியில் மெல்லிதாக இறுக்கிச் சுற்றிய ட்யூப் நெளிவதே இல்லை. இன்னொரு சிக்கல், தணிப்பு கூடினால் எல்லா வேகத்திலும் நன்மை என்பதில்லை. மேலே சொன்ன 35 ஹெர்ட்ஸ் மவுண்டில் தணிப்பு விகிதத்தை 0.1-இலிருந்து 0.3 ஆக உயர்த்தினால், எஞ்சின் நின்று அடங்கும் வழியில் 35 ஹெர்ட்ஸைக் கடக்கும்போது வரும் குலுக்கல் ஐந்து மடங்கிலிருந்து இரண்டு மடங்காகக் குறையும். ஆனால் 110 ஹெர்ட்ஸில் கைக்கு வரும் பங்கு 13 விழுக்காட்டிலிருந்து 24 விழுக்காடாக உயரும். நீங்கள் மூன்று மணி நேரம் இருப்பது 110 ஹெர்ட்ஸில். 35-ஐக் கடப்பது ஒரு நொடி. ஆகவே இந்த வேலைக்கு மிதமான தணிப்பும் போதிய மென்மையும் உள்ள இயற்கை ரப்பர் மவுண்டே பொருத்தம். அதே இயந்திரத்துக்கான அசல் உதிரியை வாங்குங்கள். கடினமான ரப்பரோ, பழையதை இறுக்க வைக்கும் வாஷரோ வேண்டாம். வெயிலிலும் பெட்ரோலிலும் ஊறிய ரப்பர் கெட்டிப்பட்டு வெடித்துவிடும். நகத்தால் அழுத்தினால் உள்வாங்காத மவுண்டை மாற்றிவிடலாம்.

கைப்பிடியே ஒத்ததிர்வில், அதாவது எஞ்சினின் அதிர்வு கைப்பிடியின் இயல் அதிர்வெண்ணோடு ஒன்றிப் பெருகும் நிலையில், இருக்கவும் வாய்ப்புண்டு. ஆக்சிலரேட்டரைச் சற்றுக் கூட்டினாலோ குறைத்தாலோ கையில் உணரும் கூச்சம் சட்டென்று மாறுகிறது என்றால் அதற்கு அறிகுறி. கைப்பிடியைக் குழாயில் சில செ.மீ. நகர்த்தி இறுக்குவதும், பைக் ஹேண்டில்பாரின் முனைகளில் இருப்பது போன்ற உலோக எடையைச் சேர்ப்பதும் அப்போது உதவும். எவ்வளவு எடை என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்வதைவிடச் சோதித்துப் பார்ப்பதே எளிது.

அதிர்வுத் தடுப்புக் கையுறையைப் பற்றிப் பலர் உங்களுக்குச் சொல்வார்கள். ஐ.எஸ்.ஓ. 10819 தரநிலைப்படி அந்தப் பெயரைப் பெற, 25 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் கையுறை பத்தில் ஒரு பங்கு குறைத்தால் போதும். அதுவும் உள்ளங்கையில் அளந்தது, விரல்களில் அன்று. உங்கள் இயந்திரத்தின் அதிர்வு பெரும்பாலும் இந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. வெட்டுக்காயத்திலிருந்து காப்பதற்காகக் கையுறை அணியுங்கள். அதிர்வுக்காக அதை நம்ப வேண்டாம். தடித்த உறையும் தடித்த கைப்பிடியும் பிடியை இறுக்க வைக்கும் என்பது கூடுதல் தீமை. இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு கைக்குள் அதிகம் ஏறும். ஸ்பாஞ்சையும் ட்யூபையும் எடுத்துவிட்டு, தோள்பட்டை வாரின் கொக்கியை நகர்த்தி, கைவிட்டாலும் பிளேடு தரைக்குச் சற்று மேலே தானாகத் தொங்கும்படி எடையைச் சமன் செய்யுங்கள். கை இயந்திரத்தைத் தூக்குவதை விட்டு வழிகாட்ட மட்டும் வேண்டியிருந்தால் பிடி தானாகத் தளரும். இந்தச் சரிசெய்தலுக்குச் செலவே இல்லை. பல தோப்புகளில் நான் பார்த்தவரை யாரும் செய்யாததும் இதுதான்.

வேலையை ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் செய்யாமல், இடையில் கைக்கு ஓய்வு கொடுத்து, இயன்றால் இன்னொருவரோடு பகிர்ந்து செய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மதமதப்பு இரவைத் தாண்டினாலோ, சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினாலோ, குளிர்ந்த காலையில் விரல் நுனி வெளுத்தாலோ, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டு நரம்பு அழுத்தமும் சர்க்கரை நோயும் இதே போன்ற கூச்சத்தைத் தரக்கூடும். எது காரணம் என்று பிரித்தறிவது அவர் வேலை. எந்தக் கருவியை, எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கிறீர்கள் என்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் பார்க்கும் வரை இயந்திரத்தை வேறொருவர் இயக்கட்டும்.